பெர்மிட்

ராஜாஜியைப் பற்றி இந்தப் பக்கங்களில் ஒரு கட்டுரை வருவது சிலருக்கு எரிச்சலாக இருக்கலாம். இலக்கியக்காரராக அவரை இந்த வட்டத்தில் யாரும் பொருட்படுத்தியதில்லை, நானும்தான். ஆனால் ஒரு கேள்வியை அவரை விலக்கிவிட்டு யோசிக்க என்னால் முடியவில்லை. தனிமனித சுதந்திரம், ஒழுக்கம், அரசு ஆகிய மூன்றும் ஒரே மனிதருக்குள் இவ்வளவு அருகருகே, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் குடியிருந்ததற்கு அவரைவிடப் பொருத்தமான உதாரணம் நம்மிடையே கிடையாது.

1959இல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அப்போது வயது எண்பது. நேருவின் அரசாங்கத்துக்கு அவர் வைத்த பெயர் பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம். ஒருவன் எதைப் பயிரிடலாம், எதை உற்பத்தி செய்யலாம், எவ்வளவு விற்கலாம் என்பதற்கெல்லாம் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருப்பது மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவருடைய வாதம். கையெழுத்துப் போடுகிறவனையும் அது கெடுக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். நல்ல வாதம். அந்த வார்த்தை நாட்டு அரசியலில் நிலைத்தும் விட்டது.

அதே சமயத்தில் அவருடைய சொந்த ராஜ்யத்தில் இன்னொரு பெர்மிட் புழக்கத்தில் இருந்தது. குடிப்பதற்கான பெர்மிட். மது இல்லாமல் உடம்பு தேறாது என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி, கட்டணம் கட்டி, குமாஸ்தாவின் கையெழுத்துக்குக் காத்திருந்தால் அது கிடைக்கும். வசதி படைத்தவர்கள் சட்டப்படி நோயாளிகளானார்கள். வசதி இல்லாதவன் டிங்சரையும் வார்னிஷையும் தேடிப் போய் சட்டப்படி குற்றவாளியானான். இந்தச் சட்டத்துக்குத் தகப்பன் ராஜாஜி. ஒரு பெர்மிட்டை அடிமைத்தனம் என்று சொன்னவர், மற்றதை ஒழுக்கத்தின் காவல் என்று கடைசி மூச்சுவரை நம்பினார்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று, அது பிராமண ஆசாரத்தின் மிச்சம். மற்றது, காந்தியின் சீடர் என்பதால் அந்த ஒரு விஷயத்தில் அவர் யோசிக்கவில்லை. இரண்டுமே சோம்பேறித்தனமான விளக்கங்கள் என்று நினைக்கிறேன். பிராமணரல்லாதவரும், காந்தியோடு முறித்துக்கொண்டவருமான பெரியார் ஒரு காலத்தில் கள் இறக்கிய தம் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர். பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தவர். யோசித்துத்தான் இருவரும் எதிரெதிர் இடங்களுக்குப் போனார்கள். யோசிக்காதவர்கள் என்று அந்தத் தலைமுறையைச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

ராஜாஜி எங்கிருந்து புறப்பட்டார் என்று பார்க்க வேண்டும். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்தார். பஞ்சம் மிகுந்த மேட்டு நிலம். நூல் நூற்றுக் கொண்டுவந்த பெண்களுக்குக் கூலி கொடுத்தார்கள். கொடுத்த கூலி எங்கே போகிறது என்பதை அங்கிருந்து அவரால் பார்க்க முடிந்தது. 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை வந்தது. கல்கி அதில்தான் வேலை பார்த்தார். மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை. கதை, படம், கட்டுரை எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான். ஒரே ஒரு நற்குணத்துக்காக நடத்தப்படும் பத்திரிகை எப்படி இருக்கும் என்று யோசிக்கச் சிரிப்பாக வருகிறது. ஆனால் ஒரே ஒரு கவிஞருக்காக நடத்தப்பட்ட பத்திரிகைகளை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றைவிட இது யோக்கியமான காரியம்.

புதுப்பாளையத்து ராஜாஜி கண்டது பசியையும் அடியையும். 1937இல் பிரதமரானதும் (அப்போது மாகாணத்தில் அந்தப் பதவிக்கு அதுதான் பெயர்) அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு சித்தூர், கடப்பை, வடாற்காடு. போர்க்காலத்தில் முடங்கி, 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் ராஜ்யம் முழுவதற்கும் வந்தது. இந்த வரலாறு தெரிந்ததுதான். இதனுள் ஒரு வரி விஷயம் இருக்கிறது. அதைப் பெரும்பாலானவர்கள் கணக்குப் பாடம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பிரச்னையின் கரு.

கள், சாராயக் குத்தகை அன்றைய சென்னை மாகாண வருமானத்தின் தூண்களில் ஒன்று. அதை எடுத்துவிட்டால் கட்டடம் நிற்காது. ராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பொதுவான விற்பனை வரி என்பது இந்தியாவில் முளைத்தது அங்கேதான். இதன் அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சிலர் குடிக்காமலிருப்பதன் விலையை எல்லாரும் கொடுக்க வேண்டும் என்று ஒரு அரசு முதல் தடவையாகச் சொன்னது. குடித்தறியாத கிழவி சேலை வாங்கினாலும், குடிகாரனின் மனைவி விளக்கெண்ணெய் வாங்கினாலும், அவள் தருகிற காசில் ஒரு துளி அவன் ஒழுக்கத்துக்கு. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் ஒரு நல்லதை விரும்பினால் அதற்கான செலவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. விலை கொடுக்காமல் உபதேசம் மட்டும் செய்கிற அரசுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அது புரிவது சிரமம்.

பிறகு மதுவிலக்கு போயிற்று. விற்பனை வரி போகவில்லை. 2007இல் அது மதிப்புக் கூட்டு வரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து மாநிலங்களின் வரிகளை விழுங்கியபோது சாராயம் மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. 2023-24இல் தமிழ்நாடு அரசுக்கு மதுவிலிருந்து கிடைத்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஆயத்தீர்வை சிறு பங்கு. பெரும் பங்கு மதிப்புக் கூட்டு வரி. சாராயப் பணம் வேண்டாம் என்பதற்காகப் பிறந்த வரி, தன் பேரன் காலத்தில் சாராயப் புட்டியின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் துறைக்கு அரசு வைத்திருந்த பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விற்பனை நடந்ததும் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்.

நான் பிறந்தது 1953இல். எனக்கு விவரம் தெரிந்தபோது குடி என்பது எங்கள் தெருவில் இல்லாத ஒன்று. இருந்தால் இருட்டில் இருந்தது. எல்லாரும் ஒழுக்கசாலிகள். யாரும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. 1971 ஆகஸ்டில் கடைகள் திறந்தன. எனக்குப் பதினெட்டு வயது. அந்த ஒரு வருஷத்துக்குள் தெரு இரண்டாகப் பிரிந்தது. இத்தனை நாள் குடிக்காதவர்கள் சிலர், குடி கிடைக்காதவர்கள் பலர் என்று தெரியவந்தது. என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்: நான் குடித்ததில்லை. இது என் ஒழுக்கமா, ஓமந்தூராரின் சட்டமா? பதினெட்டு வருஷம் ஒரு பழக்கத்துக்குள் வளர்த்துவிட்டு, பிறகு 'நீயே தேர்ந்தெடுத்தாய்' என்று சொன்னால் அதை நான் எப்படி நம்புவது?

அரிஸ்டாட்டில் இதற்குக் கவலைப்பட மாட்டார். பழக்கம்தான் ஒழுக்கம், நல்ல சட்டம் நல்ல பழக்கத்தைத் தரும், தந்தால் போதும். கான்ட் ஒப்பமாட்டார். வெளியிலிருந்து செயலைக் கட்டாயப்படுத்தலாம், அந்தச் செயலின் நோக்கத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. நோக்கத்தில்தான் ஒழுக்கம் இருக்கிறது. எனவே அரசு ஒழுக்கத்தை உண்டாக்கக் கிளம்பினால் தான் தேடிப்போனதையே தொலைத்துவிடும். எனக்குக் கான்ட் சொல்வதே சரியென்று படுகிறது. என் தெரு 1971க்கு முன் ஒழுக்கமாக இல்லை, அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் நம் வட்டத்தின் நண்பர்கள் தலையாட்டுவார்கள். மில்ட்டனை இழுப்பார்கள். சோதனைக்கு வெளியே வராத, மூடிய அறைக்குள் வளர்ந்த நற்குணம் நற்குணமே அல்ல என்று 1644இல் அவர் வாதிட்டார். அச்சடிப்பதற்கு முன்னதாக அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து அவர் எழுதிய பிரசுரத்தில். எழுத்தாளர்களான நமக்கு அது வேதம். ஆனால் மில்ட்டன் பேசியது புத்தகத்தைப் பற்றி. கெட்ட புத்தகத்தைப் படிக்கிறவன் தன்னைத்தான் பணயம் வைக்கிறான். புத்தகம் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து பானையை உடைத்தவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. குடிக்கப் போகிறவன் பணயம் வைப்பது தன்னை மட்டுமல்ல. அவனுடைய சோதனை நடக்கும் கூடம் அவன் வீடு. அவன் தோற்றால் மதிப்பெண் குறைவது அவளுக்கு. ஒருவன் தன் ஆன்மாவைப் பரீட்சித்துக்கொள்ள இன்னொருத்தியின் எலும்பு எதற்கு?

பெயர் வேண்டாம். நமக்கெல்லாம் தெரிந்த மாதிரியான ஒரு கவிஞர். குடித்தே போனார். இரங்கல் கூட்டத்தில் ஆறேழு பேர் பேசினோம். ஸ்தாபனங்களுக்கு அடிபணியாதவர், கட்டுகளை அறுத்தவர், முழுச் சுதந்திரத்தோடு வாழ்ந்தவர். நானும் அவருடைய படிமங்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். படிமங்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தன. அவர் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் பேசக் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்து அவர் அமைப்பாளரிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, பஸ்ஸுக்கு மணி என்ன ஆச்சு?" அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தார். இருபது வருஷம் அந்தச் சம்பளத்தில்தான் நம் கவிஞரின் சுதந்திரம் நடந்தது. குடியைச் சுதந்திரத்தின் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கும் நம் வட்டத்துப் பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லை. அது இன்னொருவர் செலவில் நடக்கும் சுதந்திரம். அப்படி நடப்பதற்குப் பழைய காலத்தில் ஜமீன்தார்த்தனம் என்று பெயர்.

இதைச் சொன்னவுடன், 'அப்படியானால் நீ மதுவிலக்குக்காரன்' என்று முத்திரை குத்துவார்கள். இல்லை.

மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இந்த விஷயத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறார். அதற்கு முந்திய வருஷம்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர் அவர் என்பதை நாம் மறக்கலாகாது; அந்தக் கம்பெனியின் சென்னை வருமானத்தில் சாராயக் குத்தகையும் உண்டு. குடிப்பதற்காக ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்கிறார் மில். ஆனால் குடியினால் குடும்பத்தைக் காப்பாற்றும் கடமையில் தவறினால் அந்தத் தவறுக்காகத் தண்டிக்கலாம். குடித்துவிட்டு ஒருமுறை அடித்தவனுக்கு அதற்குப் பிறகு தனிக் கட்டுப்பாடு விதிக்கலாம். குடியைத் தடுப்பதற்காக வரி போடக் கூடாது. ஆனால் அரசுக்குப் பணம் வேண்டுமென்றால் மதுவின் மேல் வரி போடலாம், அதிகமாக வசூலாகும் அளவுவரை. இந்தக் கடைசிப் பகுதியைச் சென்னைச் செயலகத்தில் யாரும் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. படிக்காமலே மில்லின் சீடர்களாக இருந்திருக்கிறார்கள்.

மில் சொன்னதில் முதல் பகுதிதான் எனக்கு முக்கியம். குடியையும் குடியால் பிறருக்கு நேரும் தீங்கையும் அவர் பிரித்துவிடுகிறார். குடி அவனுடையது. அடியும் பட்டினியும் அவளுடையவை. அரசுக்கு முதலாவதோடு சம்பந்தமில்லை. இரண்டாவதில் முழுச் சம்பந்தம் உண்டு.

இந்தக் கண்ணாடி வழியாக 1937ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். காய்ச்சுகிறவன், வைத்திருப்பவன், விற்கிறவன், குடிக்கிறவன் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அவள் இல்லை. புதுப்பாளையத்தில் ராஜாஜியின் கண்முன் நின்றவள் சட்டம் எழுதும்போது காணாமல் போய்விட்டாள். அவள் கேட்டது அவனுடைய கூலி வீட்டுக்கு வர வேண்டும், தன் மேல் கை படக் கூடாது என்பது. அதை அரசு அவனுடைய ஒழுக்கப் பிரச்னையாக மொழிபெயர்த்துக்கொண்டது. அவன் திருந்தினால் அவளுக்கு நல்லது கிடைக்கும். திருந்தாவிட்டால் அவன் கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வந்து அடிக்கலாம். அவன்மேல் மதுவிலக்கு வழக்கு இருக்கும். அவள் பெயரில் எந்த உரிமையும் இருக்காது. உரிமை ஒரு உபதேசத்தின் உப விளைவாக ஆக்கப்பட்டது. குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் வருவதற்கு 2005 ஆக வேண்டியிருந்தது. அந்த அறுபத்தெட்டு வருஷ இடைவெளிதான் என் குற்றச்சாட்டு.

ஏன் இப்படி நடந்தது? ராஜாஜியின் இரண்டு பெர்மிட்டுகளின் புதிருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குடிகாரனை அவர் சுதந்திரமான மனிதனாகக் கருதவில்லை. போதைக்கு அவன் அடிமை. அடிமையின் விருப்பத்தை விருப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவனுக்குள் உண்மையான ஒருவன் இருக்கிறான்; அவன் குடியை விரும்பவில்லை; அந்த உண்மையானவனின் சார்பாக அரசு பேசுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அடிமைப்பட்டவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இதை முற்றிலும் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஐசயா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டு சொற்பொழிவில் சுட்டிக்காட்டியது இந்தப் பள்ளத்தைத்தான். உனக்குள் இருக்கும் 'உண்மையான நீ'யை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒருவன் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் உன்னை எது செய்தாலும் அது உன் சுதந்திரம் என்றே பெயர் பெறும்.

ராஜாஜியால் இதற்குத் தப்ப முடியாது. குடிகாரனுக்குப் போதை என்றால், வியாபாரிக்கு லாபம் ஒரு போதை, நிலச்சுவான்தாருக்கு நிலம் ஒரு போதை என்று திட்டக் கமிஷன்காரர் சொல்லிவிட முடியும். உங்களுக்குள் இருக்கும் உண்மையான விவசாயி கூட்டுறவுப் பண்ணையைத்தான் விரும்புகிறான் என்று நேரு சொன்னால் சேலத்து ராஜாஜி என்ன பதில் சொல்வார்? 1938இல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கியபோதும் அவரிடம் இருந்தது இதே மனம்தான். பிள்ளைகளுக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியும். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். தாளமுத்துவும் நடராசனும் அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை. பின்னாளில் இந்தித் திணிப்பை எதிர்த்து அவரே பேசினார், எழுதினார். அந்த விஷயத்தில் மற்றவர்களின் விருப்பத்தை விருப்பமாக ஏற்க அவரால் முடிந்தது. குடியில் முடியவில்லை. குடிக்கிறவன் படித்தவனாகவும் பத்திரிகை நடத்துகிறவனாகவும் இருந்திருந்தால் முடிந்திருக்குமோ என்னவோ.

சரி, அவருக்கு நேர் எதிரான அரசு சுதந்திரத்தின் அரசா? அப்படித்தான் பாவனை. குடிப்பதும் குடிக்காததும் உன் விருப்பம். நான் கடையை மட்டும் வைத்திருக்கிறேன். 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்காக ஏற்படுத்தப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு குடிக்கிறவன் முன்னால் கம்பி வலைக்குப் பின்னே உட்கார்ந்திருந்தது அரசுதான். மில் கனவிலும் நினைக்காத நிலை இது. அவர் வரி வாங்கும் அரசை ஒப்புக்கொண்டார். புட்டியை நீட்டும் அரசை அல்ல. வரி வாங்குகிறவனுக்கு உன் பழக்கத்தில் லாபம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவனே ஒற்றைக் கடைக்காரனாகவும் ஆகிவிட்டால், உன் விருப்பத்துக்கும் அவன் பட்ஜெட்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் மிச்சமில்லை. பனையிலிருந்து இறங்கும் கள் 1987 முதல் தடை. தொழிற்சாலையிலிருந்து வரும் பிராந்திக்கு அரசு கடை. எது குடிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் அதுவே தீர்மானித்தது. இதற்குத் தாராளவாதம் என்று பெயர் வைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

அந்த அரசு சுதந்திரத்தை எவ்வளவு மதித்தது என்பதற்கு 2015ஆம் வருஷம் சாட்சி. ஜூலை 31இல், டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற காந்தியவாதி சசிபெருமாள் இறந்தார். அக்டோபர் கடைசியில், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாட்டுக் கட்டிப் பாடிய கோவன் திருச்சியில் ராஜத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். தனிமனிதன் என்ன குடிக்கிறான் என்பதில் தலையிடமாட்டேன் என்று சொன்ன அரசு, தனிமனிதன் என்ன பாடுகிறான் என்பதில் நள்ளிரவில் தலையிட்டது. அந்தப் பாட்டின் கவித்துவத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நம் பத்திரிகைகளில் அதை யாரும் போடமாட்டோம். ஆனால் மில்ட்டன் பேரைச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் அன்று ஒரு அறிக்கையிலாவது கையெழுத்திட்டோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கள்ளச்சாராயத்தை வைத்து இரு தரப்பும் செய்யும் வாதங்களில் எனக்கு அக்கறை போய்விட்டது. மதுவிலக்கு இருந்தால் விஷச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தபோது அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. அரசு சரக்கின் விலை எட்டாதவன் பாக்கெட்டைத் தேடிப் போனான். ஏழை எந்தச் சட்டத்தின் கீழும் டிங்சருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான்.

சமீப வருஷங்களில் ஒரு காரியம் எனக்குக் கவனத்துக்குரியதாகப் படுகிறது. 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. அதன் பெயரில் 'உரிமை' என்ற சொல்லை வைத்தார்கள். உதவி இல்லை, உரிமை. 1937இல் காணாமல் போனவள் அரசின் ஏட்டில் முதல் தடவையாகத் தன் பெயரில், தன் வங்கிக் கணக்கில் தோன்றினாள். அவன் திருந்துகிறானா என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்லிவந்த வாதத்துக்கு இது மிகவும் கிட்டத்தில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2024இல் மிக மலிவான குவார்ட்டர் 140 ரூபாய். தினம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அவளுடைய மாத உரிமை அவனுடைய ஏழு நாள். முப்பது நாளும் அவன் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஏழு நாள் அளவுக்கு அரசு அவளிடம் திருப்பித் தருகிறது, உரிமை என்று சொல்லி. 1939இல் அவள் விளக்கெண்ணெய்க்குக் கொடுத்த காசு அவன் ஒழுக்கத்துக்குப் போயிற்று. இப்போது அவன் குடித்த காசு அவள் உரிமையாக வருகிறது. அவன் நாளைக்கே குடியை விட்டால் இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நிதியமைச்சர்களால் சொல்ல முடியாது. தன் உரிமை நிலைத்திருக்க அவன் குடிக்க வேண்டும் என்ற இடத்தில் அவளைக் கொண்டுவந்து நிறுத்துவது எந்த விதமான நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. கொல்லாமையும் புலால் மறுத்தலும் கள்ளாமையும் அங்கே இருக்கின்றன. கள்ளுண்ணாமை பொருட்பாலில், சூதுக்கு முன்னால் இருக்கிறது. மதிப்பு போகும், பெற்றவள் முகம் சுளிப்பாள் என்கிற மாதிரியில்தான் அவர் பேசுகிறார். புத்தி சொல்கிற குரல் அது. ஆணையிடுகிற குரல் அல்ல. புறநானூற்றில் ஔவை அதியமானை நினைத்து அழும்போது அவன் கள்ளைப் பங்கிட்ட விதம்தான் அவளுக்கு ஞாபகம் வருகிறது. பங்கிடுவது அங்கே குணம். நம் மரபு இதில் ஒரே குரலில் பேசியதில்லை; அதனால் அதைச் சாட்சிக்கு அழைக்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

1971இல் மதுவிலக்கைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று ராஜாஜி கருணாநிதியிடம் நேரில் கேட்டுக்கொண்டார். அவருக்கு 92 வயது. ஒருவரிடம் ஒழுக்கம், மற்றவரிடம் கஜானா. இரண்டும் பேசத் தகுந்தவையே. ஆனால் அந்த இருவரும் பேசி முடிவு செய்யக் கூடியதா இது?

அதற்கு ஐம்பது வருஷம் முன்னால், 1921இல், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவுக்கு வந்து கடைமுன் நின்றார்கள். மறியல் என்ற வடிவத்தைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். சட்டம் கதவைச் சாத்துகிறது. கவுன்டர் கதவைத் திறக்கிறது. மறியலில் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போக அவனுக்குத் தடை இல்லை. போகிற வழியில் ஒருத்தி நிற்கிறாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போகிறவனும் திரும்பிப் போகிறவனும் தாங்களே செய்கிறார்கள். கான்ட்டுக்கு ஆட்சேபம் இருக்காது. அதோடு, யாருடைய செலவில் இந்தச் சுதந்திரம் நடக்கிறதோ அவள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கிறாள். இரங்கல் கூட்டத்தின் கடைசி வரிசையில் அல்ல.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றச் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, ஊர்களுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் இடம் தேடின. பல ஊர்களில் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிக் கூடியவர்களைக் கலைக்க வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் அங்கு நின்ற ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார். எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். அவள் யாரையும் திருந்தச் சொல்லவில்லை. கடை தன் தெருவுக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.